சென்னைப் புழுக்கத்தில் பந்தயம் ஓடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் அரை மாரத்தானில், அதாவது 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தில், பதினாறாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஆகஸ்ட் மாதம். ஐந்து மணிக்குத் தொடங்கிய ஓட்டம், மணி ஆறே முக்கால்கூட ஆகவில்லை. காலில் வலி இல்லை. ஆனால் உடம்பு உள்ளுக்குள் கொதித்தது. டீ-ஷர்ட்டின் ஓரத்திலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. அறுபதைத் தாண்டிய ஒருவர் பின்னாலிருந்து வந்து, என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"தம்பி, முதல் அஞ்சு கிலோமீட்டர் என்ன பேஸ்ல வந்தீங்க?"

"கிலோமீட்டருக்கு அஞ்சே முக்கால் நிமிஷம் சார். ரெண்டேகால் மணி நேரத்துல முடிக்கணும்னு பார்த்தேன்."

"இந்த மாசத்துல அது வராது தம்பி. நடங்க, தண்ணி குடிங்க, உடம்பு அடங்கினதும் மெல்ல ஓடுங்க. முடிச்சிடலாம்."

2 மணி 27 நிமிடத்தில் முடித்தேன். அந்தப் பெரியவர் சொன்ன 'இந்த மாசத்துல' என்ற வார்த்தையின் அர்த்தம் புரிய எனக்கு இன்னும் இரண்டு பந்தயங்கள் தேவைப்பட்டன. ஏழு வருடமாக நம் ஊர்ப் பந்தயங்களில் ஓடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடங்களைப் பார்த்தால், முக்கால்வாசி புழுக்கத்தைக் கணக்கில் எடுக்காததால் வருவதுதான்.

குளிர் ஊர்க் கணக்கை இங்கே போடுவது

செயலிகளில் கிடைக்கும் பயிற்சித் திட்டங்களும், 'பத்து கிலோமீட்டரை இவ்வளவு நேரத்தில் ஓடினால் அரை மாரத்தானை இவ்வளவு நேரத்தில் ஓடலாம்' என்று சொல்லும் கணக்கிகளும் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிரில் ஓடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. சென்னையில் ஜூலை, ஆகஸ்டில் விடிவதற்கு முன்பே 27, 28 டிகிரி இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் காற்றில் இருக்கும் ஈரம்.

வியர்வை வெளியே வந்தால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. அது தோலிலிருந்து ஆவியாக வேண்டும். ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து தரையில் சொட்டுகிறது. சொட்டும் வியர்வையால் உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைகின்றன, சூடு குறைவதில்லை. சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்குக் கூடுதல் ரத்தம் அனுப்புகிறது. காலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் அதே வேகத்தில் ஓடினாலும் நாடித் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். ஜனவரியில் சுகமாக இருந்த பேஸ் ஆகஸ்டில் மூச்சு முட்ட வைப்பது இதனால்தான். பயிற்சி போதவில்லை என்று நினைத்து மனம் உடைந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பயிற்சியில் ஒரு குறையும் இல்லை.

என் உடம்புக்கு, ஜனவரி பேஸோடு கிலோமீட்டருக்கு 15 முதல் 25 விநாடி வரை கூட்டிக்கொண்டால் ஆகஸ்டில் சரியாக வருகிறது. உங்களுக்கு எவ்வளவு என்பதை ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்களில்தான் கண்டுபிடிக்க முடியும். வாட்ச் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதல் மூன்று கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் பாய்வது

இருட்டு, பறை, ஒலிபெருக்கி, சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர். அந்த உற்சாகத்தில் முதல் கிலோமீட்டர் எல்லோருக்கும் லேசாகத்தான் இருக்கும். அப்போது மிச்சமாகும் ஒவ்வொரு பத்து விநாடிக்கும் கடைசி ஐந்து கிலோமீட்டரில் ஒரு நிமிடம் கட்ட வேண்டி வரும். என் முதல் ஓட்டத்தில் ஐந்தே முக்கால் நிமிடப் பேஸில் ஆரம்பித்து, கடைசி ஐந்து கிலோமீட்டரை ஒன்பது நிமிடக் கணக்கில் நடையும் ஓட்டமுமாக முடித்தேன். மறு வருடம் அதே மாதத்தில் ஆறே முக்கால் நிமிடப் பேஸில் ஆரம்பித்தேன். ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனபோது பொறுத்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது. பதினாறாவது கிலோமீட்டருக்கு அப்புறம் அவர்களில் பலரை நான் தாண்டினேன். 2 மணி 18 நிமிடம் 53 விநாடி.

உச்சத்தில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். 2022-ல் பெர்லின் முழு மாரத்தானில் கென்யாவின் எலியுட் கிப்சோகே 2:01:09 என்ற உலக சாதனையைப் படைத்தபோது முதல் பாதியை 59:51-ல் ஓடினார், இரண்டாம் பாதிக்கு 61:18 ஆனது. அடுத்த வருடம் சிகாகோவில் கெல்வின் கிப்டம் அந்தச் சாதனையை முறியடித்தார். அவருடைய முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47, மொத்தம் 2:00:35. கிட்டத்தட்ட ஒரு நிமிடம் மெதுவாகத் தொடங்கியவர் அரை நிமிடத்துக்கு மேல் முன்னால் முடித்தார்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பது. பிப்பில், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையில், ஒட்டியிருக்கும் சிப், தரையில் விரித்திருக்கும் பாயை நீங்கள் தாண்டும்போதுதான் உங்கள் நேரத்தைக் கணக்கிட ஆரம்பிக்கிறது. பின்னாலிருந்து புறப்பட்டால் ஒரு விநாடிகூட நஷ்டமில்லை. முன்னால் நின்றால் வேகமாக ஓடுகிறவர்களின் இழுப்பில் நீங்களும் போய்விடுவீர்கள், அவர்களுக்கும் இடைஞ்சல். உங்கள் இலக்கு நேரத்தை எழுதிய கொடியோடு, அந்த நேரத்துக்குள் முடிக்கும் வேகத்தில் ஓடி வழிகாட்டும் பேசர் ஒருவர் நிற்பார். அவருக்கு இரண்டு வரிசை பின்னால் நில்லுங்கள்.

தண்ணீர்

இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தாகம் எடுத்தாலும் நிற்காமல் தண்ணீர்ப் பந்தலைத் தாண்டி ஓடுவது ஒன்று. பயந்துபோய் ஒவ்வொரு பந்தலிலும் இரண்டு டம்ளர் வெறும் தண்ணீரைக் குடிப்பது இன்னொன்று. இரண்டாவது இன்னும் ஆபத்தானது என்பது பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், குழப்பம் என்று ஆரம்பித்து, முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கு, அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களுக்கு, அந்த ஆபத்து அதிகமாக இருந்தது.

உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பயிற்சி நாளில் ஓடப் போகும் முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் பந்தய வேகத்தில் ஓடிவிட்டு வந்து, உடம்பை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஈர உடைகளைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. ஒரு ஜூலைக் காலையில் எனக்கு 71.4-லிருந்து 70.1 ஆனது. இடையில் கால் லிட்டர் குடித்திருந்தேன். ஆக ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வியர்த்திருக்கிறது. அவ்வளவையும் ஓடிக்கொண்டே குடிக்க முடியாது, குடிக்கவும் தேவையில்லை. தாகத்தை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, எடை கூடாமலும் அதிகம் இறங்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் உப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உப்பு என்றதும் எல்லோரும் ஓஆர்எஸ் வாங்குகிறார்கள். பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பவர்கள் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் 20.5 கிராம் பொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கிக் குடிக்கிறவர்களை ஒவ்வொரு பந்தயத்திலும் பார்க்கிறேன். கலவை கெட்டியானால் வயிறு ஏற்காது, குமட்டும். சின்னப் பாட்டில் வைத்திருந்தால் 200 மில்லிக்கான சிறு பொட்டலம் வாங்குங்கள்.

வயிறும் காலும்

முந்தின இரவு பிரியாணி வேண்டாம். எண்ணெயும் மசாலாவும் காலை ஐந்து மணிக்கும் வயிற்றில் இருக்கும், நடமாடும் கழிப்பறை வரிசையோ நீளம். இட்லி, இடியாப்பம், தயிர் சாதம் என்று பழகியதைச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் படுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடப் போகிறீர்கள் என்றால் வழியில் சாப்பிட ஏதாவது வேண்டும். சிலர் கடலை மிட்டாய் கொண்டுவருகிறார்கள். வாயில் எச்சில் வற்றிய நேரத்தில் அதை மெல்லவே முடியாது. கொட்டை எடுத்துப் பாதியாக நறுக்கிய பேரீச்சம்பழத்தைச் சின்ன ஜிப் கவரில் போட்டுக்கொள்வது என் வழக்கம். அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு மூன்று துண்டு, மேலே இரண்டு மடக்குத் தண்ணீர்.

பருத்தி பனியன் நம் வெயிலுக்கு நல்லதுதான், ஓட்டத்துக்கு ஆகாது. நனைந்து கனத்து, உப்புப் படிந்து, உப்புக் காகிதம் மாதிரி தேய்க்கும். ஆண்களுக்கு மார்புக் காம்பில் ரத்தம் கசிந்து சட்டையில் இரண்டு கோடு இறங்கியிருப்பதை முடிவுக் கோட்டில் எப்போதும் பார்க்கலாம். காம்பின் மேல் சின்ன பிளாஸ்திரி, தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாசலின், அவ்வளவுதான் வைத்தியம். பந்தயத்துக்கென்று வாங்கிய புது ஷூவில் குறைந்தது நாற்பது, ஐம்பது கிலோமீட்டராவது ஓடிப் பாருங்கள். நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும். கட்டை விரலுக்கு முன்னால் அரை விரல் இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும்.

வாட்ச் சொல்வதும் சாலை சொல்வதும்

"பத்து கிலோமீட்டர் என்றார்கள், என் வாட்சில் 10.2 வருகிறது, அளவு தப்பு" என்று ஒவ்வொரு பந்தயத்திலும் யாராவது சண்டை போடுவார்கள். முறையாக அளந்த பாதையை, வளைவுகளில் ஓரத்தை ஒட்டிய மிகக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை, சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறோம். மேம்பாலத்துக்கு அடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் ஜிபிஎஸ் வேறு தடுமாறும். இதனால் வாட்ச் காட்டும் பேஸை மட்டும் நம்பி இலக்கு வைத்தால் கடைசியில் ஒன்றிரண்டு நிமிடம் துண்டு விழும். தூரத்தில் அடுத்த வளைவு தெரியும்போதே அதன் உள் ஓரத்தை நோக்கி நேராக ஓடுங்கள்.

இன்னொருவர் பிப்பில் ஓடுவது

இதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். வர முடியாத நண்பரின் பிப்பை வாங்கிக் குத்திக்கொண்டு ஓடுவது சாதாரணமாக நடக்கிறது. நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அதில் வேறொருவர் பெயர், வேறொருவர் வயது, வேறொருவர் ரத்த வகை. போன் போவது வேறொரு வீட்டுக்கு. ஒரு பந்தயத்தில் எனக்கு முன்னால் விழுந்த இளைஞரை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது பிப்பின் பின்புறம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் யாரோடு வந்தார் என்று கண்டுபிடிக்கவே நாங்கள் இருபது நிமிடம் அலைந்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் பிப்பைக் குத்தும் முன் பின்புறத்தில் பெயர், ரத்த வகை, மனைவியின் எண், எடுத்துக்கொள்ளும் மாத்திரை எல்லாவற்றையும் அழியாத மையில் எழுதிவிடுகிறேன். பேனா மை வியர்வையில் கரைந்துவிடும்.

காய்ச்சலோடும் வலி மாத்திரையோடும் ஓடுவது

காய்ச்சல் விட்டு இரண்டு நாள்கூட ஆகாத நிலையில், பணம் கட்டியாயிற்று என்று வந்து நிற்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையும் பாதிக்கும். அந்த நேரத்தில் கடுமையாக ஓடுவது உயிரோடு விளையாடுவது. அதேபோல் முழங்கால் வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வியர்த்து வறண்ட உடம்பில் அந்தக் குறைவு சிறுநீரகத்தைச் சேதப்படுத்தலாம். வலியும் தெரியாததால் காயம் பெரிதாகும் வரை ஓடிக்கொண்டே இருப்பீர்கள்.

முடிவுக் கோட்டுக்கு அப்பால்

கோட்டைத் தாண்டியதும் அப்படியே நின்று போட்டோவுக்குக் கையை உயர்த்துகிறோம். ஓடும்போது கெண்டைக்கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, தலை சுற்றும். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுகிறவர்களில் பலர் இப்படி விழுகிறவர்கள்தான். பத்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள். பதக்கத்தை நடந்தபடியே வாங்கிக்கொள்ளலாம். தலை சுற்றினால் படுத்து, காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ஆனால் பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் போனாலோ அது வேறு விஷயம். சூடு மூளையைத் தாக்கியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம். வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவக் கூடாரத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். உடம்பு கொதித்தால் போகும் வழியிலேயே குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே போகலாம்.

பையில் ஒரு காய்ந்த சட்டையும் துண்டும் இருக்கட்டும். ஈர உடையோடு ஏசி காரில் ஏறினால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். நான் உடை மாற்றிக்கொண்டு, கடற்கரை ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு இளநீர் குடித்துவிட்டு அப்புறம்தான் வண்டியை எடுக்கிறேன்.