கயிற்றை அறுத்துவிட்டால் கை பிழைத்துவிடுமா?

பாம்பன், மண்டபம் பக்கம் வலையைக் கழற்றும்போது கடற்பாம்பு கொத்திவிட்டால், கையில் கிடைக்கும் நைலான் கயிற்றால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கரை சேர நாலைந்து மணி நேரம் ஆகிவிடும். இறங்கியதும் யாராவது கத்தியால் கயிற்றை அறுப்பார். வெளுத்துக் கிடந்த கை சிவக்கும். “ரத்தம் ஓடிருச்சு, இனி பயமில்லை” என்பார்கள். எனக்குப் பயம் அப்போதுதான் தொடங்கும்.

ரத்தம் வராத தசை ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். 6 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் மீளாது. அதற்குள் செல்லில் அமிலம் சேர்ந்து, கால்சியம் தேங்கியிருக்கும். அந்த நிலையில் திடீரென்று ஆக்சிஜன் வந்தால், அதிலிருந்தே பிறக்கும் வீரிய மூலக்கூறுகள் செல்லின் சவ்வைச் சிதைக்கும். நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும், தசை வீங்கும். உடைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் ரத்தத்தில் கலக்கும். முன்னது இதயத்தை நிறுத்தலாம், பின்னது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து மீட்கப்பட்ட சிலர், முதலில் தேறியவர்கள் போலிருந்து, சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

ஆக, முதல் தவறு பாம்புக்கடிக்குக் கட்டுவதே. கடற்பாம்பின் விஷமே தசையை உடைக்கக்கூடியது. கட்டு அதோடு இன்னொரு கேட்டைச் சேர்க்கிறது. கையை அசையாமல் ஒரு பலகையோடு வைத்துக் கரைக்கும் அங்கிருந்து மருத்துவமனைக்கும் விரைவதே போதும். ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா? கரையில் அறுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். நரம்பில் சலைன் ஏற்றி, இதயத் துடிப்பைக் கவனித்தபடி அவர்கள் அவிழ்ப்பார்கள்.

வலை இழுக்கும் வின்ச்சில் கை சிக்கிப் பீறிட்டு ரத்தம் கொட்டினால் கதை வேறு. அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால் அகலமான துணியால் கட்டத்தான் வேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். “அப்பப்போ தளர்த்தி விடு” என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், ஒவ்வொரு முறையும் ரத்தம்தான் வீணாகும்.

அப்புறம் இளநீர். நம்ம ஊரில் யார் மயங்கினாலும் ஒரு இளநீரை வெட்டிவிடுகிறோம். அன்பாகத்தான் செய்கிறோம். ஆனால் இளநீரில் பொட்டாசியம் நிறைய. நசுங்கிய தசை ஏற்கெனவே அதைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது மேலும் ஊற்றுவது ஆபத்து. விழுங்க முடிகிறவருக்கு வெறும் தண்ணீர் இரண்டு வாய் கொடுக்கலாம். வலிக்கு டைக்ளோபினாக் போடுவதும் வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஆகாது.

எண்ணெய் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம், ஐஸ் கட்டியை நேரே வைப்பது எதுவும் வேண்டாம். மரத்த கைக்குச் சுடுவது தெரியாது.

இன்னொன்று, நாடி துடிக்கிறதே என்று நம்பிவிடுவது. தசையைச் சுற்றியிருக்கும் உறை விரியாது. உள்ளே வீக்கம் ஏறினால் நாடி இருக்கும்போதே தசை சாகும். விரலை மெல்ல நீட்டிப் பாருங்கள். அதற்கே அலறினால், கை கல் மாதிரி இறுகியிருந்தால், சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து உறையைத் திறக்க வேண்டியிருக்கும். அதுவரை கையை உயர்த்தாமலும் தொங்கவிடாமலும் நெஞ்சு மட்டத்தில் வையுங்கள்.

அன்று ராத்திரி சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால், வெயிலில் நின்ற சூடு என்று விட்டுவிடாதீர்கள். விடியக் காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.