மரைன் டேங்க்ல ஓசி சவாரி வந்த ஜந்துக்கள்: நான் பண்ண தப்பை நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு, வீட்ல மரைன் டேங்க், அதாவது கடல் மீன் வளக்கற உப்புத்தண்ணித் தொட்டி, வெச்சிருக்கற ஒரு தம்பி வாட்ஸப்ல ஃபோட்டோ அனுப்பி, "அண்ணா, பாறைக்குள்ள பூரான் மாதிரி ஒண்ணு ஓடுது, கடைல மருந்து குடுத்திருக்காங்க, ஊத்திடவா?"ன்னு கேட்டான். சாப்பிட்டுட்டு இருந்தவன் கை கூட கழுவாம இடது கையால ஃபோன் போட்டு "ஊத்தாதடா"ன்னு கத்தினேன். இதே கேள்வியை 2016ல நான் யார்கிட்டயும் கேக்கல, நேரா ஊத்திட்டேன், அதான்.

புதுசா வாங்கினதை டிப் பண்ணாம (மருந்துத்தண்ணில முக்கி எடுக்காம) போடாதீங்க, தனித் தொட்டில குவாரண்டைன் வைங்கன்னெல்லாம் சொல்லப்போறதில்ல. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்யறதில்ல. யாரோ டேங்க்கைக் கலைக்கும்போது வாங்கின பழைய பாறை, ஜோவா (பூ மாதிரி விரியற மெத்துப் பவழம்) ஒட்டியிருக்கற ப்ளக்கோட (அதை ஒட்டி விக்கற குட்டி பீடம்) அடிப்பக்கம், நத்தை ஓடு, கீட்டோ பாசி, எது வழியாவும் எதுவும் வரும். வந்தப்புறம் நாம பண்ற கூத்துதான் வந்த ஜந்துவை விட மோசம்.

பூரானுக்கு பயந்து டேங்க் முழுக்க மருந்து ஊத்தறது

என்னோடது மூணு அடி டேங்க், ஏறக்குறைய 240 லிட்டர், 25 கிலோ பாறை, மீன்ல ரெண்டு க்ளவுன், ஒரு டாம்சல், ஒரு கோபி, அப்புறம் எட்டு ஒம்பது நத்தை, நாலு ஹெர்மிட் நண்டு, ஒரு க்ளீனர் ஷ்ரிம்ப் (இறால்). ஒண்ணரை வருஷமா ஓடிட்டு இருந்தது, தண்ணி அவ்ளோ நல்லா இருந்தது. ஒரு நாள் லைட் அணைஞ்சப்புறம் டார்ச் அடிச்சா, பாறை இடுக்குலேர்ந்து ரோஸ் கலர்ல, ரெண்டு பக்கமும் வெள்ளை முள்ளு கொத்து கொத்தா வெச்ச ஒரு புழு, என் விரல் நீளத்துக்கு, வெளிய வந்து விழுந்து கிடந்த மீன் தீனி பெல்லட்டை இழுத்துட்டு உள்ள போச்சு. பாத்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிடுச்சு. மறுநாள் கடைல காட்டினேன், "இது மீனை எல்லாம் தின்னுடும் சார், இதை ஊத்துங்க, ரெண்டு நாள்ல க்ளீன்"னு ஒரு நீல கலர் பாட்டில் குடுத்தாங்க. லேபிள்ல பொடி எழுத்துல காப்பர் சல்ஃபேட்னு போட்டிருந்தது. படிச்சேன். படிச்சுட்டும் ஊத்தினேன், அதான் இன்னிக்கும் கடுப்பு.

காப்பர் கெட்ட சாமான் இல்ல. மரைன் இக், வெல்வெட்ங்கற ஒட்டுண்ணி நோய் வந்த மீனுக்கு அதுதான் மருந்து, ஆனா பாறையும் மணலும் இல்லாத வெறும் டேங்க்ல, டெஸ்ட் கிட் வெச்சு அளந்து குடுக்கணும். சாதா காப்பர்னா மீனுக்கு மருந்தா குடுக்கற அளவே 0.15லேர்ந்து 0.20 பிபிஎம் தான், அந்த அளவுலயே இறாலும் நத்தையும் போயிடும். நான் மூடியால அளந்து ஊத்தினேன்.

ஒரு மணி நேரத்துல நத்தை ஒவ்வொண்ணா கண்ணாடிலேர்ந்து கழண்டு மணல்ல மல்லாக்க விழ ஆரம்பிச்சுது. ஹெர்மிட் ஓட்டை விட்டு பாதி வெளிய தொங்குது. ஷ்ரிம்ப் பின்பக்கமா துள்ளி துள்ளி பாறைல முட்டிக்குது. அப்புறம் புழு வந்துது. நான் பாத்தது ஒண்ணு, வெளிய வந்து நெளிஞ்சது அம்பது அறுபது இருக்கும், நூல் மாதிரி குட்டிலேர்ந்து அரை அடி வரைக்கும். வெளிய வந்ததே அவ்ளோன்னா உள்ளயே செத்தது எவ்ளோ இருக்கும்? அதை யாரு எடுக்கறது? அதெல்லாம் பாறைக்குள்ளயே அழுகி, காலைல தண்ணி வடிச்ச கஞ்சி மாதிரி ஆயிடுச்சு, ஸ்கிம்மர் (அழுக்கை நுரையா பிரிச்சு எடுக்கற கருவி) பொங்கி தரையெல்லாம் நுரை, ஹால்ல காசிமேடு வாடை. அமோனியா டெஸ்ட் பண்ணா மஞ்சளா இருக்க வேண்டிய தண்ணி பச்சை. கடல் தண்ணி பிஹெச் எட்டுக்கு மேல இருக்கறதால அதே அமோனியா, கப்பி மீன் வளக்கற நல்லதண்ணி டேங்க்கை விட இங்க இன்னும் கடுமையா அடிக்கும். கைல கலக்கி வெச்ச உப்புத்தண்ணி ஒரு சொட்டு இல்ல. பக்கெட்ல உப்பைக் கொட்டி அவசர அவசரமா கலக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு க்ளவுனும் போயிடுச்சு, மத்தியானம் கோபி. டாம்சல் பொழைச்சுது, டாம்சல் எதுக்கும் சாகாது.

அதோட முடியல. சுண்ணாம்புப் பாறை காப்பரை உறிஞ்சி வெச்சுக்கும், மணலும் அப்படித்தான். அதை நம்பி மறுபடி நத்தை, இறால் விட முடியாது. ஃபில்டர் கார்பன் மாத்தி, தண்ணி மாத்தி ரெண்டு மாசம் கழிச்சு தைரியமா ஒரு நத்தை விட்டேன், ரெண்டே நாள். ஆக 25 கிலோ பாறையும் வேஸ்ட். இப்பவும் மொட்டை மாடில கிடக்கு, அம்மா வடாம் காயப்போடும்போது ஷீட் பறக்காம இருக்க நாலு மூலைக்கும் அதுலேர்ந்துதான் கல் எடுத்து வைக்கறாங்க. பாக்கும்போதெல்லாம் எரியும்.

இதுல கொடுமை என்னன்னா அந்த புழு ஒரு தப்பும் பண்ணல. அது சாதா ப்ரிஸில் வார்ம், மிச்ச தீனியையும் செத்ததையும் தின்னு மணலைக் கிளறி விடற தோட்டி வேலைக்காரன். அது அம்பது இருந்ததுன்னா அம்பது புழுவுக்கு சோறு போடற அளவுக்கு நான் தீனி கொட்டியிருக்கேன்னு அர்த்தம். செத்த மீனை அது தின்றதைப் பாத்துட்டு அதுதான் கொன்னுச்சுன்னு சொல்றாங்க, காக்கா தின்னுது, அதனால காக்காதான் எலியைக் கொன்னுச்சுன்னு சொல்ற மாதிரி. குறைக்கணும்னா தீனியைக் குறைங்க, ராத்திரி ஒரு சின்ன பாட்டில்ல இறால் தலை போட்டு மூடில ஓட்டை போட்டு மணல்ல படுக்க வைங்க, காலைல உள்ள இருக்கும். வெறும் கையால மட்டும் தொடாதீங்க, கம்பளிப்பூச்சி மாதிரி முள்ளு குத்தி ரெண்டு நாள் அரிக்கும், செல்லோ டேப் ஒட்டி உரிச்சா வரும்.

நிஜமாவே பயப்பட வேண்டிய புழு வேற. உடம்பு எண்ணெய் பட்ட தண்ணி மாதிரி மினுங்கி, முள்ளுக் கொத்து பெருசா தெரியாம, தலைல அஞ்சு மீசை இருந்தா அது யூனிஸ் வகை. அதுக்கும் மருந்து கிடையாது, அந்த பாறையை மட்டும் தனியா பக்கெட்ல எடுத்து வெச்சு பிடிக்கணும். டார்ச்ல சிவப்பு ஜெலட்டின் பேப்பர் சுத்தி அடிங்க, ஓடாம நிக்கும், தலைல மீசையை எண்ணுங்க. அந்த தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்.

அய்ப்டேசியாவை பிளேடால சுரண்டறது

கண்ணாடி மாதிரி பழுப்பா, குட்டித் தென்னை மரம் மாதிரி அய்ப்டேசியான்னு ஒரு களை அனிமோன் (கடல் சாமந்தி) முளைக்கும், முதல் நாள் "அய்யோ ஃப்ரீயா அனிமோன்"னு ஸ்டேட்டஸ் வைப்போம். மூணாவது மாசம் அது ஜோவாவை சுட ஆரம்பிச்சப்புறம் பிளேடை எடுப்போம். அதோட அடிப்பாதத்துல ஒரு துணுக்கு பாறைல ஒட்டியிருந்தா போதும், அதுலேர்ந்து புதுசா வளரும். நான் ஒண்ணை சுரண்டி பதினாலு வாங்கினேன், எண்ணிப் பாத்தேன்.

சுண்ணாம்புதான் வழி. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு, வெத்தலைக்கு போடற சுண்ணாம்போட அதே சரக்கு, ஆனா பெட்டிக்கடை டப்பாவை கலக்காதீங்க, அதுல என்ன கலப்படம்னு யாருக்கு தெரியும். கெட்டியா பேஸ்ட் பண்ணி, பம்ப் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு, சிரிஞ்சால மெதுவா அது வாய் மேல வைக்கணும், அது சாப்பாடுன்னு நினைச்சு முழுங்கும். அவசரப்பட்டு இடிச்சா சட்டுனு ஓட்டைக்குள்ள சுருங்கிடும், அன்னிக்கு அவ்ளோதான். ஒரு நாளைக்கு மூணு நாலு மேல வேண்டாம், பிஹெச் எகிறிடும். ப்ளக்ல வந்த ஜோவாவை முடிஞ்சா பெயர்த்து எடுத்துட்டு ப்ளக்கை தூக்கிப் போடுங்க, பாதி அய்ப்டேசியா அந்த அடிப்பக்கத்துலதான் உக்காந்து வருது.

"பெப்பர்மின்ட்"னு குடுக்கற இறாலை வாங்கறது

நிஜ பெப்பர்மின்ட் ஷ்ரிம்ப் அட்லாண்டிக் பக்கத்துது, அய்ப்டேசியாவை தின்னும், அதுவும் மூட் இருந்தா. நம்ம பக்கம் அந்த பேர்ல எனக்கு வந்ததெல்லாம் கேமல் ஷ்ரிம்ப், இந்தியப் பெருங்கடல்லயே கிடைக்கறது. முதுகுல கூன், பெரிய கண்ணு, சிவப்பு உடம்புல வெள்ளை கோடும் புள்ளியும் இருந்தா அதேதான். நிஜ பெப்பர்மின்ட்ல வெள்ளையே இருக்காது, கண்ணாடி உடம்புல மெல்லிசா சிவப்பு கோடு மட்டும். என் கேமல் ரெண்டும் அய்ப்டேசியாவை திரும்பிக் கூட பாக்கல, ஒரு வாரத்துல முப்பது தலை ஜோவாவை மேஞ்சுதுங்க.

முடி முளைச்ச கால், கருப்பு நுனி கொடுக்கு வெச்ச நண்டு

குட்டியா இருக்கும்போதே சம்ப்புக்கு (டேங்க்குக்குக் கீழ இருக்கற ஃபில்டர் தொட்டி) அனுப்பிடுங்க.

பாறையை வேக வைக்கறது

ஜந்தைக் கொல்லணும்னு இதைப் பண்ணவே வேண்டாம். ஜோவா, பாலிதோவா வகைல சிலதுல பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு, கொதிச்சாலும் சாகாது, ஆவியோட நுரையீரலுக்குப் போகும். வெளிநாட்டுல வீட்டோட ஆஸ்பத்திரிக்குப் போன கேஸெல்லாம் இருக்கு. பிரஷ் போட்டு தேய்க்கும்போதும் கிளவுஸ், கண்ணாடி போட்டுக்கோங்க.

கடற்கரைல போய் பாறை பொறுக்கறது

மன்னார் வளைகுடா 1986லேர்ந்து கடல் தேசியப் பூங்கா, கல் பவழம் எல்லாமே 2001லேர்ந்து வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணை. புழுவை விட பெரிய பிரச்சனை வரும்.

"டிக்" சத்தம் கேட்டதும் டேங்க்கைக் கலைக்கறது

புது பாறை போட்ட ரெண்டாவது வாரம் ராத்திரி டேங்க் பக்கத்துலேர்ந்து "டிக்… டிக்"னு சத்தம். அம்மா "பல்லி சொல்லுதுடா, நல்ல சகுனம்"னாங்க, நான் கண்ணாடி விரிசல் விடுதுன்னு நினைச்சு ராத்திரி முழுக்க சிலிக்கான் ஓரத்தை தடவிட்டு இருந்தேன். ரெண்டு பேரு அந்த சத்தம் போடுவாங்க. ஒண்ணு மான்டிஸ் ஷ்ரிம்ப், காம்பு மேல கண்ணு, காலைல உடைஞ்ச நத்தை ஓடு கிடக்கும், மீன் குறையும், கையை விட்டா கிழிச்சுடும். இன்னொண்ணு பிஸ்டல் ஷ்ரிம்ப், ஒரு கொடுக்கு மட்டும் பெருசா இருக்கும், பெரும்பாலும் சாது. ஒரு வாரம் நத்தையை எண்ணினேன், ஒண்ணும் குறையல, அப்ப பிஸ்டல்தான். இப்ப அது என் புது கோபியோட ஒரே வளைல குடியிருக்கு, இது புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளிட்டே இருக்கும், ஒரு மீசை மட்டும் எப்பவும் கோபி வால் மேல, வால் அசைஞ்சா சட்டுனு உள்ள ஓடிடும். மான்டிஸா இருந்தாலும் டேங்க்கைக் கலைக்க வேண்டாம், அது இருக்கற பாறையை மட்டும் தூக்கி, உப்பு கூட போட்ட தண்ணில ஒரு நிமிஷம் முக்கினா தானா வெளிய வரும்.

குழாய் நத்தையை உடைக்கறது

பாறைல ஒட்டிக்கிட்டு குட்டிக் குழாய் மாதிரி, சிலந்தி வலை கணக்கா சளி விடும், பக்கத்துல இருக்கற கோரல் எல்லாம் மூடிக்கும். உடைச்சா உள்ள சுருங்கிட்டு மறுபடி கட்டும். வாயை சூப்பர் க்ளூ ஜெல்லால அடைங்க, ஒவ்வொண்ணா, பொறுமையா. இன்னிக்கு காலைல கூட ரெண்டு பாத்தேன், என் க்ளூ டியூப் காஞ்சு போய் கிடக்கு, வாங்கணும்.