வேலை தேடுமுன் ஒரு கொப்பி

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த கையோடு வீட்டில் தொடங்கும் கேள்வி: "இனி என்ன செய்யப் போகிறாய்?" பதில் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். ஒரு கொப்பி எடுங்கள். இரண்டு கிழமைக்கு, படுக்கப் போகுமுன் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று எதைச் செய்தபோது நேரம் போனதே தெரியவில்லை? சம்பளம் தரும் வேலையாக இருக்க வேண்டியதில்லை. மச்சானின் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியது, கோயில் திருவிழாக் கணக்கைப் பார்த்தது, எல்லாம் சேரும்.

என் தங்கச்சி கணக்கியல்தான் படிப்பேன் என்று நின்றாள். அவளுடைய 14 வரிகளில் 9 அம்மம்மாவைப் பற்றியவை: இரத்தத்தில் சீனி பார்த்தது, காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் வேறுவேறு டப்பாவில் போட்டது. வாசித்துவிட்டு அவளே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். இப்போது பராமரிப்பாளர் பயிற்சிக்குப் போகிறாள்.

அப்புறம், உங்கள் வரிகள் காட்டும் தொழிலில் இருக்கும் ஒருவரை நேரில் போய்ப் பாருங்கள். "அண்ணா, உங்கட வேலையில் அலுப்பான பகுதி எது?" என்று கேளுங்கள். சம்பளத்தைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். அந்த அலுப்பு உங்களுக்குத் தாங்குமா என்று யோசியுங்கள்.

பயிற்சி நெறியில் சேருமுன் என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் உண்டா, எத்தனையாம் மட்டம் என்று விசாரியுங்கள். மொத்தம் 7 மட்டங்கள். 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். திருகோணமலைக் கடற்கரையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் வேலை பிடித்திருந்தால், மே மாதம் சீசன் சூடுபிடிக்கும்வரை காத்திராமல் மார்ச்சிலேயே போய்க் கேளுங்கள்.