பழைய கட்டடத்தில் ஒட்டிய ஆபத்தான பகுதியை எடுக்க அனுமதி கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

நூற்றைம்பது ஆண்டுப் பழைய கட்டடம் ஒன்று. அதன் முதுகுப்பக்கம் யாரோ எப்போதோ ஓர் அறையை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மேலே காங்கிரீட் தளம், அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி. இப்போது அந்த அறை பழைய சுவரை விட்டு விலகி நிற்கிறது. இடைவெளியில் விரல் நுழைகிறது. தளத்தின் அடியில் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டுகிறது. பார்க்கிற யாருக்கும் இதை முதலில் எடுத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் அதற்கு அனுமதி வேண்டும். நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும், அந்த அனுமதி கிடைக்காமல் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். விண்ணப்பம் முழுவதும் எடுக்கப்போகிற பகுதியைப் பற்றியே எழுதியிருப்பார்கள். படிக்கிற அதிகாரியோ, எடுத்த மறுநாள் நிற்கப்போகிற சுவரைப் பற்றிய பக்கத்தைத் தேடுவார். அந்தப் பக்கம் இருக்காது. கீழே சொல்லும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே இதிலிருந்து கிளைத்தவைதான்.

ஆபத்து என்றால் கேட்காமலே இடிக்கலாம் என்று நினைப்பது

முதல் தவறும் இதுதான், அதிகம் அடி வாங்க வைப்பதும் இதுதான். "எந்த நேரமும் விழும், அனுமதிக்குக் காத்திருக்க முடியுமா?" என்று கடப்பாரையை எடுத்துவிடுகிறார்கள். பல நாடுகளில் இது அபராதத்தோடு முடிவதில்லை. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்க வேண்டியது என்று பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றம். அவசரம் என்று வாதாட அதே சட்டம் இடம் தருகிறது, ஆனால் நிபந்தனைகளோடு. பழுதுபார்த்தோ தற்காலிகமாக முட்டுக்கொடுத்தோ ஆபத்தைத் தவிர்க்க முடியாத நிலை இருந்திருக்க வேண்டும். உடனடித் தேவைக்கு மேல் ஒரு செங்கல்லும் கூடுதலாக எடுத்திருக்கக் கூடாது. என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று இயன்றவரை விரைவில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் ஊர்ச் சட்டம் வேறாக இருக்கலாம். வரிசை மட்டும் எங்கும் இதுவே நல்லது: முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். தொட்டியில் தண்ணீர் இருந்தால் இறக்கிவிடுங்கள். சுற்றிலும் தடுப்பு கட்டி, இன்ஜினியர் சொல்லும் இடத்தில் முட்டுக்கொடுங்கள். தேதியோடு போட்டோ எடுத்து, அன்றைக்கே அனுமதி தரும் அலுவலகத்துக்கு எழுதுங்கள். இவ்வளவும் செய்தவர் பின்னால் விண்ணப்பம் கொடுக்கும்போது, பொறுப்பான ஆள் என்ற நம்பிக்கை அவருக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கும்.

"நேரில் பார்த்தோம், ஆபத்தாக உள்ளது" என்ற ஒரு பக்க அறிக்கை

இந்த ஒரு வரியை நம்பி யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், போடவும் கூடாது. எது, எவ்வளவு, எதனால் என்ற மூன்றுக்கும் அறிக்கையில் பதில் வேண்டும்.

விரிசலையே எடுத்துக்கொள்வோம். கிட்டே போய் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பழைய வெள்ளையோ பெயின்டோ ஓடியிருந்தால் அது பழைய விரிசல். யாரோ அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். ஓரங்கள் கூர்மையாக, உள்பக்கம் சுத்தமாக இருந்தால் அண்மையில் திறந்தது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் ஒட்டு அறை வெளிப்பக்கம் சாய்வதாகக் கொள்ளலாம். இரு பக்கத்துச் செங்கல் வரிசையும் மட்டம் தப்பியிருந்தால் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. ஒட்டு அறைகளுக்குப் பெரும்பாலும் கடைக்கால் ஆழமாக இருப்பதில்லை, அதனால் இறங்குவது அவையாகத்தான் இருக்கும். விரிசலின் குறுக்கே அளவுகாட்டி ஒட்டி, தேதி போட்டுக் குறித்து வாருங்கள். மழைக்காலம், வெயில்காலம் இரண்டையும் பார்த்த அளவுகள் இருந்தால் மிக நல்லது, ஏனென்றால் சில விரிசல்கள் பருவத்தோடு திறந்து மூடும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத நிலையென்றால், சில வார அளவும் ஒன்றும் இல்லாததைவிட மேல்.

பாரத்தையும் எண்ணில் சொல்லுங்கள். 10 சென்டிமீட்டர் கனமுள்ள காங்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை என்றால் தளம் மட்டும் 3,000 கிலோ. மேலே 1,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் இன்னொரு 1,000 கிலோ. இதில் ஒரு பாதி, சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரில் துளைபோட்டுச் செருகிய இரும்பு உத்தரத்தின் வழியாக இறங்குகிறது என்று படம் போட்டுக் காட்டினால், ஆபத்து ஒட்டு அறைக்கு மட்டுமா, பழைய கட்டடத்துக்கும் சேர்த்தா என்பது படிப்பவருக்கு விளங்கிவிடும். அந்த உத்தரம் துருப்பிடித்தால் துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். சுற்றியுள்ள செங்கல்லை உள்ளிருந்தே பிளக்கும். இதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. பழுதுபார்த்தால் போதாதா என்ற கேள்வி கட்டாயம் வரும். தொட்டியை இறக்கிவிட்டு, தளத்தை மட்டும் மாற்றினால் என்ன, கடைக்காலைப் பலப்படுத்தினால் என்ன என்று நீங்களே கேட்டு, ஏன் சரிப்படாது என்று நீங்களே பதிலும் எழுதிவிடுங்கள். பழைய கட்டுமானம் தெரிந்த இன்ஜினியரிடம் போவது இங்கேதான் உதவும். காங்கிரீட் சட்டகம் மட்டுமே பார்த்துப் பழகியவர், கனமான செங்கல் சுவரைக் கண்டதும் எல்லாமே பலவீனம் என்று எழுதிவிடுவார். அந்த அறிக்கை நாளைக்கு உங்கள் பழைய கட்டடத்துக்கே எதிராகத் திரும்பும்.

பின்னால் வந்தது, அதனால் மதிப்பில்லாதது என்று சொல்லிவிடுவது

ஏதென்ஸ் நகரின் பண்டைய குன்றுக் கோட்டையான அக்ரோபோலிஸின் நுழைவாயிலை ஒட்டி, இடைக்காலத்தில் எழுப்பிய உயரமான கல் கோபுரம் ஒன்று இருந்தது. பண்டைய கிரேக்கக் கட்டடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒட்டு என்று சொல்லி 1870களின் நடுவில் அதை இடித்தார்கள். புகழ்பெற்ற தொல்லியலாளர் ஷ்லீமான் பணம் கொடுத்தார். அப்போதே கண்டனம் எழுந்தது. அந்த நகரத்தின் பல நூற்றாண்டு வரலாற்றுக்குச் சாட்சியாக நின்ற கோபுரத்தை இன்றைக்குப் பழைய போட்டோவில்தான் பார்க்க முடியும். எனக்கு அந்த போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

இப்படிப்பட்ட இழப்புகளைப் பார்த்த பிறகுதான் பழைய நினைவுச்சின்னங்களைக் காக்க வகுத்த சர்வதேச நெறித்தொகுப்பான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஒரு நினைவுச்சின்னத்தில் எல்லாக் காலத்தின் மதிப்புள்ள பங்களிப்பையும் மதிக்க வேண்டும் என்று சொன்னது. எதை அழிக்கலாம் என்ற முடிவை வேலைக்குப் பொறுப்பானவர் ஒருவரிடம் மட்டும் விடக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நாம் அனுமதி கேட்டு நிற்பதன் அடிப்படை அதுதான். அமெரிக்காவின் மறுசீரமைப்பு நெறிகளும், பின்னால் செய்த மாற்றமே காலப்போக்கில் வரலாற்று மதிப்பு பெற்றிருந்தால் அதைக் காக்கச் சொல்கின்றன.

ஆகவே ஒட்டு அறையின் வயதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. பழைய போட்டோக்கள், வரைபடங்கள், வரிப் பதிவுகள் உதவும். கட்டடமே நிறையச் சொல்லும். இரண்டு சுவரும் சேரும் மூலையில் கைப்பிடி அகலத்துக்குப் பூச்சை நீக்கிப் பார்த்தால் போதும் (இதற்கும் முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்). செங்கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பல் கோத்தாற்போல் போனால் இரண்டும் சேர்த்துக் கட்டியவை, அல்லது பின்னால் கவனமாகக் கோத்தவை. நேர்கோடாக ஒரே இணைப்பு மேலிருந்து கீழே ஓடினால் பின்னால் வந்து சாய்ந்து நின்றது. செங்கல் அளவு மாறுகிறதா, காரை நகத்தால் கீறினால் உதிரும் வெள்ளைச் சுண்ணாம்பா, உளி பட்டால் ஒலிக்கும் சாம்பல்நிறச் சிமென்டா என்பதும் தெரிந்துவிடும்.

ஆராய்ந்த பிறகு அந்த அறையிலும் ஏதோ மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் மறைக்காதீர்கள். ஒரு நல்ல கதவு, பழைய தரை ஓடு, முக்கியமான ஒருவர் அங்கே வேலை செய்த செய்தி, எதுவானாலும் எழுதுங்கள். அதைக் கழற்றிக் காப்பாற்றும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் மறைத்ததை வேறொருவர் கண்டுபிடித்தால், உண்மையான ஆபத்தைப் பற்றி நீங்கள் எழுதியதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒட்டை எடுத்தால் பழைய சுவருக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருப்பது

விண்ணப்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

வெனிஸில் புனித மாற்கு சதுக்கத்தின் மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்று காலை பத்து மணிக்குச் சற்று முன் அப்படியே சரிந்து குவிந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த சிறு மண்டபத்தின் கூரையை அப்போது பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரை உத்தரம் கோபுரச் சுவரில் பதிந்திருந்த இடத்தில் சுமார் 40 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டினார்கள். ஏற்கெனவே தளர்ந்திருந்த கோபுரம். சுவரில் விரிசல் பெருகியது. கண்காணிக்க ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் உடைந்தன. சில நாளில் கோபுரமே இல்லை. சதுக்கத்திலிருந்து மக்களை முன்பே விலக்கியிருந்ததால் மனித உயிர் போகவில்லை. சின்ன ஒட்டு, சின்ன வெட்டு என்று யாராவது சொல்லும்போது இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஒட்டு அறை பழைய சுவரை இழுக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். சில இடங்களில் அதுவேதான் வெளியே தள்ளும் சுவருக்கு முட்டாகவும் நிற்கும். சிலவற்றில் பழைய சுவரின் கீழ்ப்பகுதியை வெட்டித் திறந்து, மேல் பாரத்தை ஒட்டு அறையின் உத்தரத்தில் ஏற்றியிருப்பார்கள். தூக்குக் குண்டு பிடித்துப் பழைய சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். உள்ளே திறப்பு இருக்கிறதா, அதன் மேல் வளைவு இருக்கிறதா, யாராவது வளைவை உடைத்து இரும்பு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்ற படத்தை இடிக்கும் முன், இடிக்கும்போது, இடித்த பின் என மூன்று நிலைக்கும் போடுங்கள். எந்தக் கட்டத்தில் எந்த முட்டு வரும், எப்போது எடுப்பீர்கள் என்பதும் அதில் வேண்டும்.

அப்புறம் இடிக்கும் முறை. பெரிய இயந்திரச் சுத்தியலை இணைப்பிலேயே வைத்தால் அதிர்வு நேராகப் பழைய சுவருக்குப் போகும். முதலில் பழைய சுவரையொட்டி ஓர் இடைவெளியை ரம்பத்தால் அறுத்து இரண்டையும் பிரித்துவிட வேண்டும். மேலிருந்து கீழாக எடுத்து வர வேண்டும். சுவரோடு ஒட்டிய கடைசித் துண்டைக் கை உளியால்தான் எடுக்க வேண்டும். சிமென்ட் காரை கெட்டியாகப் பிடித்திருந்தால் பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். சில இடங்களில் அதை அப்படியே விட்டுவிடுவது மேல். எல்லாச் சிமென்டையும் நீக்குவோம் என்று எழுதிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பிறகு மழை. ஐம்பது ஆண்டாக ஒட்டு அறைக்குள் காய்ந்து கிடந்த சுவர், திடீரென்று மழைக்கும் வெயிலுக்கும் முகம் கொடுக்கப்போகிறது. கூரைத் தண்ணீர் எங்கே இறங்கும்? அறையின் தரையை எடுத்தால் சுவரடியில் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்குமா? உத்தரம் இருந்த துளைகளை எதைக் கொண்டு அடைப்பீர்கள்? பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல்லைத் தின்னும். சுண்ணாம்புக் காரை, சுண்ணாம்புப் பூச்சு என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

சில்லறையாகத் தெரிந்து காலை வாருபவை

"பின்பகுதி அகற்றப்படும்" என்று ஒரு வரியும் மங்கலான ஒரு பிளானும் போதாது. எடுப்பது ஒரு நிறம், நிற்பது ஒரு நிறம், சரிசெய்வது இன்னொரு நிறம் என்று அளவுகளோடு வரைந்து, ஒவ்வொரு போட்டோவும் எங்கிருந்து எடுத்தது என்று பிளானில் எண் போட்டுக் காட்டுங்கள்.

இடித்த இடத்தில் புதிதாக எதையாவது கட்டும் ஆசையையும் இதே விண்ணப்பத்தில் நுழைக்காதீர்கள். ஆபத்தை நீக்கும் வேலை அந்தப் புதுக் கட்டடத்தின் சர்ச்சையில் மாட்டிக்கொள்ளும். அதே சமயம் அப்படியொரு திட்டம் இருந்தால் இல்லை என்று எழுதவும் கூடாது.

பாரம்பரியக் குழுவின் அனுமதி ஒன்றே போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. இடிப்பு அனுமதி தனியாக இருக்கும். சுவரைப் பகிரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டியிருக்கலாம். கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதை உடைக்காமல், தூசி கிளப்பாமல் கழற்றப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். கூரைக்குள் வௌவால் தங்கியிருந்தால் பல நாடுகளில் அதற்கும் தனிச் சட்டம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், விண்ணப்பம் எழுதத் தொடங்கும்போதே அதிகாரியை இடத்துக்கு அழைத்துக் காட்டிவிடுங்கள். விரல் நுழையும் அந்த இடைவெளியை அவர் கண்ணால் பார்த்துவிட்டால், நாலு கடிதம் மிச்சம்.

அனுமதி வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

அனுமதிக் கடிதத்தின் பின்பக்கத்து நிபந்தனைகளைப் படித்து, மேஸ்திரிக்கும் படித்துக் காட்டுங்கள். சில நிபந்தனைகள் வேலை தொடங்கும் முன்பே நிறைவேற்ற வேண்டியவை. காரையின் மாதிரியை முதலில் பூசிக் காட்டி ஒப்புதல் வாங்கச் சொல்லியிருப்பார்கள். அதை மறந்துவிட்டு முழுச் சுவரையும் பூசியவர் திரும்ப உரிக்க வேண்டி வரும்.

பூச்சை எடுக்க எடுக்க யாரும் எதிர்பாராதது வெளியே வரும். அடைத்து மறைத்த ஒரு ஜன்னல், பழைய வண்ணப் பூச்சின் ஒரு துண்டு, சுவருக்குள் போகும் மர உத்தரத்தின் முனை. அந்த இடத்தில் உளியை நிறுத்திவிடுங்கள். அளந்து, போட்டோ எடுத்து, அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, வரைபடத்தைத் திருத்தி, அப்புறம் தொடருங்கள். வேலை முடிந்ததும் இடிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள், போட்டோக்கள், விரிசல் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, ஒரு பிரதியைப் பொது ஆவணக் காப்பகத்திலோ நூலகத்திலோ சேர்த்துவிடுங்கள். அறுபது ஆண்டு கழித்து இதே சுவரின் முன் டார்ச்சோடு நிற்கப்போகிற இன்ஜினியருக்கு, அங்கே ஓர் அறை இருந்தது என்பதே அந்தக் கோப்பிலிருந்துதான் தெரியவரும்.