பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எதை முன்கூட்டியே மாற்றுவது, எதை விட்டுவைப்பது

என்னிடம் இருப்பது 1987-ல் வந்த போர்ஷே 944. இந்த வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் இரண்டு வழியில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு சாரார் கண்ணில் பட்டதையெல்லாம் உடனே புதிதாக மாற்றுவார்கள். இன்னொரு சாரார், போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுவார்கள். இரண்டுமே வேண்டாம். ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு கேள்வி போதும். இது போனால் கூடவே எதை இழுத்துக்கொண்டு போகும்? போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போகுமா? பாகத்தின் விலையையும் வயதையும் பற்றி அதன்பிறகு யோசித்தால் போதும்.

முதலில் டைமிங் பெல்ட். 944-ல் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டை, பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க்கிலிருந்து ஓட்டுவது ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் இன்னும் சுற்றும். திறந்து நிற்கிற வால்வுகளில் பிஸ்டன் போய் இடிக்கும். வால்வு வளைந்துவிட்டால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அறுவதற்கு முன் பெல்ட் சத்தம் போடும், விளக்கு எரியும் என்றெல்லாம் நம்பிக் காத்திருக்க முடியாது. அதனால் இதற்குக் கெடு வைத்தே மாற்ற வேண்டும். நான் வைத்திருக்கும் கெடு 4 ஆண்டு அல்லது 50,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். குறைவாக ஓட்டுகிறேன் என்பது இங்கே காரணம் ஆகாது.

இதே எஞ்சினில் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு இன்னொரு பெல்ட் உண்டு. அது அறுந்தால் எஞ்சின் அதிரும், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் அதன் கிழிசல் டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் முடிவு ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வாட்டர் பம்பையும் டைமிங் பெல்ட்டின் முதுகுப்பக்கம்தான் ஓட்டுகிறது. பம்பின் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். ஆகவே பெல்ட் மாற்றும்போதெல்லாம் பம்பையும் பெல்ட் ஓடுகிற ரோலர்களையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு பெல்ட் விட்டு அடுத்த பெல்ட்டுக்கு வாட்டர் பம்பையும் மாற்றுவது என் வழக்கம். முன்பக்க ஆயில் சீல்களில் ஈரம் தெரிந்தால் அவற்றையும் அப்போதே முடித்துவிடுங்கள், ஆயில் பட்ட ரப்பர் நீடிக்காது. மாட்டி முடித்ததும் சாவியைத் திருப்பாதீர்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, டைமிங் குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்த்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடியபின் இறுக்கத்தை மறுபடி சோதிக்க வேண்டும். புது பெல்ட் கொஞ்சம் நீளும். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உங்களிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்றால் கதையே வேறு. அதன் 1.6, 1.8 லிட்டர் எஞ்சின்களில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. வண்டி வழியில் நிற்கும், புது பெல்ட் போட்டு ஓட்டலாம். எந்த வண்டியாக இருந்தாலும் உங்கள் எஞ்சின் எந்த வகை என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது பெட்ரோல் ஹோஸ்கள். சூடான எஞ்சின் மேல் பல ஆண்டு கிடந்த ரப்பர் இறுகி, கிளிப்புக்கு அடியில் கண்ணில் படாத இடத்தில் வெடிக்கும். பெட்ரோல் கசிந்து தீப்பிடித்தால் மொத்த வண்டியும் போகும், உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து. எப்போது மாற்றியது என்று தெரியாத ஹோஸ் என்றால் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கு ஓட்டவே வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். தண்ணீர் ஏறிய நிலையில் அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம்.

சரி, கண்காணித்தால் போதும் என்கிற பாகங்கள் எவை? எஞ்சின் மவுன்ட், வீல் பேரிங், ஸ்டியரிங் ரேக், சின்னச் சின்ன ஆயில் கசிவு. இவை மெதுவாகக் கெடும், சொல்லிவிட்டுக் கெடும். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்க ஒரு நோட்டு வேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றினேன், சூடான எஞ்சினில் ஆயில் அழுத்தம் எவ்வளவு, வெப்ப முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் பழைய ஃபில்டரை வெட்டி, உள்ளே உலோகத் துகளின் மினுமினுப்பு இருக்கிறதா என்று வெயிலில் பார்க்கிறேன். 944-ல் கூலன்ட் தொட்டியில் எண்ணெய் மிதந்தால் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஆயில் கூலர் சீல்களைப் பாருங்கள். முன்சக்கர அலுமினிய ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்டை மட்டும் இந்தக் கூட்டத்தில் தனியாக வைக்கிறேன். கம்பியால் நெம்பி ஆட்டம் தெரிந்த அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

கிளட்ச்சைப் பொறுத்தவரை வழுக்கும் வரை காத்திருப்பதே சரி. 944-ல் கியர்பாக்ஸ் பின்னால் இருக்கிறது. கிளட்ச்சைத் தொட வேண்டுமானால் சைலன்ஸர் பைப், கியர்பாக்ஸ், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைத்து நடுவில் ஓடும் டார்க் டியூப் எல்லாம் இறங்க வேண்டும். அத்தனை வேலையை அரை ஆயுள் மிச்சமுள்ள கிளட்ச்சுக்காகச் செய்வது வீண். ஆனால் ஒருமுறை திறந்துவிட்டால் கிராங்க்கின் பின்பக்க சீலையும் டார்க் டியூப் பேரிங்குகளையும் பார்க்காமல் மூடாதீர்கள். 1997 முதல் 2005 வரை வந்த போர்ஷே பாக்ஸ்டர், 996 (911-ன் ஒரு தலைமுறை) வண்டிகளில் பேசப்படும் ஐஎம்எஸ் பேரிங்கும், அதாவது எஞ்சினுக்குள் உள்ள இடைநிலை ஷாஃப்டின் பேரிங்கும், இப்படித்தான். அது போனால் எஞ்சினே போகலாம், கிளட்ச் இறங்கியிருக்கும்போது அதற்கு வழி திறந்தே இருக்கிறது. அப்போதே முடித்துவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு: மாற்றாமல், உதிரியைக் கையோடு வைத்திருப்பது. பெட்ரோல் பம்புக்கும் எஞ்சின் கணினிக்கும் மின்சாரம் தரும் டிஎம்இ ரிலே இந்த வண்டியின் பிரபலமான பலவீனம். உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டால் எஞ்சின் அப்படியே நின்றுவிடும், ஆனால் வேறு எதுவும் கெடாது. புதிது ஒன்றை மாட்டிவிட்டு, வேலை செய்கிற பழையதை டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்தால் வழியிலேயே சில நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஓடோமீட்டர் பல்சக்கரம், கண்ணாடி ஏற்றும் மோட்டார் இவையெல்லாம் உடைந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே மாற்றினால் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்கு இரண்டாம் உலகப் போரின் ஒரு கண்டுபிடிப்பைச் சொல்வேன். பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் உயிரியல் அறிஞர் சி. எச். வாடிங்டனும் அவருடைய குழுவும் பழுதுக் கணக்கை ஆராய்ந்தார்கள். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்த சோதனைக்குப் பிறகுதான் பழுதுகள் அதிகமாக இருந்தன, போகப் போகக் குறைந்தன. கை வைப்பதே பழுதைக் கொண்டுவரும். பழைய வண்டியில் இது இன்னும் உண்மை. எஞ்சினின் பின்பக்கம் கிளட்ச் உறையின் மேல் உள்ள சென்சார்களின் பிளாஸ்டிக் கனெக்டர் சும்மா கழற்றிப் பார்த்தாலே பொடிந்துவிடும். ஒழுங்காக வேலை செய்கிற அசல் பாகத்தை எடுத்துவிட்டு மலிவான மாற்றுப் பாகத்தைப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வேலை. அதை முடித்து சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள், கசிவு, சத்தம் எதுவும் இல்லை என்றால் அடுத்ததுக்குப் போங்கள். அப்போதுதான் புதிதாக ஒரு கோளாறு வந்தால் எந்த வேலையில் வந்தது என்று தெரியும்.

இப்போதுதான் வாங்கினீர்கள் என்றால் வரிசை இது: பெல்ட், பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஆயில், டயர், அப்புறம் மற்றவை. "பெல்ட் போன வருஷம்தான் மாத்தினேன்" என்று பழைய உரிமையாளர் சொன்னாலும் பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் மூடியைக் கழற்றிப் பார்க்கும் வரை வண்டியை ஓட்டி வராமல் ஏற்றி வாருங்கள்.