ஐப்பசி மழையில் ஓட்டத்தை விடாதீர்கள்: கொழும்பில் மாரியைக் கடக்கும் வழி

கொழும்பில் ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் ஒக்டோபரில் மழை பிடித்ததும் சப்பாத்தைத் தூக்கி வைத்துவிட்டு, பொங்கல் கழிந்துதான் திரும்ப எடுக்கிறார்கள். அதற்குள் உடல் பழக்கம் விட்டுப் போயிருக்கும். இதில் பெரிய நட்டம் எது தெரியுமா? ஜனவரியும் பெப்ரவரியும்தான் இந்த நகரத்தில் நீண்ட தூரம் போக ஆண்டிலேயே மிகத் தோதான மாதங்கள். ஒக்டோபர், நவம்பரில் சராசரியாக மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற மழை, ஜனவரியில் 100க்குள் அடங்கிவிடும். விடியற்காலை வெப்பம் 22, 23 பாகைக்கு இறங்கும். அப்படிப்பட்ட இரண்டு மாதத்தையும் மூச்சு வாங்காமல் 5 கிலோமீற்றர் ஓடப் பழகுவதிலேயே கழிப்பது வீண். ஐப்பசி, கார்த்திகையில் இருப்பதைக் காப்பாற்றுங்கள். கூட்டுவதை மார்கழியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

காப்பாற்ற எவ்வளவு போதும்?

முற்றாக நிறுத்தினால் இரண்டு வாரத்திலேயே தாங்குசக்தி இறங்கத் தொடங்கும். ஆனால் கட்டியெழுப்பத் தேவைப்பட்ட உழைப்பில் பாதி இருந்தாலே அதைப் பிடித்து வைத்திருக்கலாம். வாரம் ஐந்து நாளில் 40 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு மழைக்காலத்தில் மூன்று நாள், 20 முதல் 25 கிலோமீற்றர் போதும். ஆனால் அதில் ஒரு நாளாவது கடுமையாக ஓட வேண்டும். 10 நிமிடம் மெதுவாக, பிறகு 3 நிமிடம் வேகமும் 2 நிமிடம் மெல்லோட்டமுமாக ஐந்து சுற்று, கடைசியில் 10 நிமிடம் மெதுவாக. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை விட்டுவிடுகிறார்கள். மழைக்கு இடையில் கிடைப்பது சொற்ப நேரம், அதற்குள் தூரம் முடியாது. வேகமும் இல்லை, தூரமும் இல்லை என்று ஆகிவிடும்.

நேரத்தை மாற்றுங்கள்

பருவப் பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட இந்த மழைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காலை வெயில் நிலத்தைச் சூடாக்கும், கடற்காற்று உள்ளே வரும், மதியத்தில் முகில் திரளும், இரண்டு மூன்று மணிக்குப் பிறகு இடியோடு கொட்டும். சில நாள் இரவு வரைக்கும் இழுக்கும். விடியற்காலை பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். வேலை முடிந்து மாலை ஓடிப் பழகியவர்கள் இந்த இரண்டு மாதமும் காலை 4.45க்கும் 6.30க்கும் இடையில் மாற்றிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் மட்டும் இந்தக் கணக்கு பிழைக்கும். அப்போது காலை, மாலை என்றில்லாமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பெய்யும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பை முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள். அந்த நாட்களுக்குத் தொடர்மாடிப் படிக்கட்டு இருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஏழெட்டு மாடிக்குக் குறையாத கட்டடங்கள் நிறைய. 20 நிமிடம் ஏறுங்கள், இறங்க லிப்டைப் பிடியுங்கள். முழங்காலைக் கெடுப்பது பெரும்பாலும் இறக்கம்தான்.

விளக்கு மறக்காதீர்கள். நவம்பர் நடுவில் சூரியன் 6 மணியளவில்தான் எழும், ஜனவரிக் கடைசியில் 6.25 ஆகிவிடும். தலையில் மாட்டும் சிறிய டோர்ச் வழி காட்டும். ஆனால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு உங்களைக் காட்ட, முதுகில் ஒளி தெறிக்கும் பட்டியும் சிவப்பு விளக்கும் வேண்டும். வாகனங்களுக்கு எதிர்முகமாக, வீதியின் வலப்பக்கம் ஓடுங்கள். சைக்கிள் என்றால் எப்போதும் இடப்பக்கம்.

மின்னலோடு விளையாட வேண்டாம்

மழையில் நனைவதால் ஒன்றும் ஆகாது. மின்னலுக்கு மட்டும் துளியும் இடம் கொடுக்காதீர்கள். மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க 3 விநாடி எடுத்தால் ஒரு கிலோமீற்றர் தூரம் என்று கணக்கு. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது, உடனே உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியே வரக் கூடாது. மழை விட்டுவிட்டதே என்று பத்து நிமிடத்தில் இறங்குவதுதான் ஆபத்து. மழை ஓய்ந்த பிறகும் மின்னல் விழும்.

‘உள்ளே’ என்றால் சுவரும் கூரையும் உள்ள கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார். பஸ் தரிப்பிடக் கூரை கணக்கில் இல்லை. விகாரமகாதேவி பூங்காவின் பெரிய மரங்களின் கீழ் ஒதுங்குவதை விட மழையில் நனைந்துகொண்டே கட்டடத்தைத் தேடி ஓடுவது மேல். காலிமுகத்திடல் ஓடுவதற்கு அருமையான இடம்தான். கடலோர நடைபாதை ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர், போய் வந்தால் ஒன்று. ஆனால் திறந்த வெளியில் உயரமாக நிற்கும் பொருள் நீங்களே என்பதால், முகில் கறுத்த மாலையில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கட்டடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சுதந்திர சதுக்கப் பக்கம் அந்த வகையில் பரவாயில்லை.

தேங்கிய தண்ணீரும் காய்ச்சலும்

வீதியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள். அடியில் மூடி இல்லாத வடிகான் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. அதோடு எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே ஏறும். ஓடுகிறவர் காலில் கொப்புளமும் உரசலும் எப்போதும் இருக்கும் அல்லவா? காயத்தை நீர்புகாத பிளாஸ்டரால் மூடுங்கள், அழுக்குத் தண்ணீர் பட்டால் வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஓடுகிறவர்கள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. எலிக்காய்ச்சலின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று கெண்டைக்கால் தசைவலி. நேற்று அதிகம் ஓடியதால் வந்த வலி என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். அழுக்குத் தண்ணீரில் கால் வைத்து ஓரிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றே வைத்தியரிடம் போய், தண்ணீரில் இறங்கியதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. பிந்தினால் சிறுநீரகத்தில் கை வைக்கும் நோய் இது.

டெங்கிலும் இதே போல ஒரு பொறி. ஓடுகிறவர் பையில் இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலிமாத்திரை கிடக்கும். மழைக்காலக் காய்ச்சலுக்கு அவற்றையும் அஸ்பிரினையும் தொடவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. இரண்டாம், மூன்றாம் நாளுக்குள் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்டதும் ‘சுகமாகிவிட்டது, மெதுவாக ஓடிப் பார்ப்போம்’ என்று கிளம்புவது எல்லாவற்றையும் விட மோசம். டெங்கு முற்றும் கட்டம் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் வேளையில்தான். வைத்தியர் சரி என்று சொன்ன பிறகு முதலில் நடை, பிறகுதான் ஓட்டம். அந்த நுளம்பு விடிந்ததும், பொழுது சாயும் முன்பும் கடிக்கும். ஓடும்போது கடிப்பதை விட, முடித்துவிட்டுப் பூங்கா வாங்கில் காலை நீட்டி நிற்கும்போது கடிப்பதுதான் அதிகம். உடலை நீட்டி மடக்குவதை வீட்டில் செய்யுங்கள்.

சப்பாத்தைக் காய வைக்கும் முறை

காற்றில் ஈரப்பதம் 85, 90 வீதம் நிற்கும்போது நனைந்த சப்பாத்து தானாகக் காயாது. இரண்டு நாளில் நாறும், விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். வீட்டுக்கு வந்த கையோடு நாடாவைத் தளர்த்தி நாக்கை வெளியே இழுங்கள். உள்தகட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். வெளிச்சேற்றைக் கழுவி, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி விரல்முனை வரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் சொதசொதவென்று இருக்கும்; அதை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணிக்க வேண்டும். இந்த இரண்டாவது முறையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தாள் உள்ளேயே கிடந்தால் தாள் வைத்ததால் பயனே இல்லை. பிறகு தாளை எடுத்து, மின்விசிறிக்கு முன்னால் வாய் காற்றைப் பார்த்தபடி இரவு முழுதும் விடுங்கள். அடுப்புப் பக்கமோ உச்சி வெயிலிலோ வைத்தால் பசை இளகி அடி கழன்று வரும்.

முடிந்தால் இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். இரண்டாவது புதிதாக இருக்க வேண்டியதில்லை, அடியில் பிடிப்பு தேயாத பழையது போதும். பருத்திக் காலுறை வேண்டாம், தண்ணீரைக் குடித்துப் பாரமாகித் தோலை உரித்துவிடும். மெல்லிய செயற்கை நூல் காலுறையும், புறப்படும் முன் விரல்களிலும் குதிகாலிலும் தொடை இடுக்கிலும் பூசும் வாசலினும் கொப்புளத்தைத் தவிர்க்கும்.

சைக்கிள்

மழைக்குத் தயாராக டயர் காற்றை வழமையை விட 10 பீ.எஸ்.ஐ. குறையுங்கள், வீதியில் பிடிப்பு கூடும். மட்காட் பூட்டுங்கள். மழையில் பஞ்சர் கூடுவதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் கண்ணாடித் துண்டுகளை வீதி ஓரத்துக்கு அடித்து வரும், ஈர றப்பரை அவை எளிதாக வெட்டும். வீதி ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள். ஓட்டி முடித்ததும் டயரைக் கையால் சுற்றிப் பார்த்து, சிக்கியிருப்பதை ஊசியால் கிண்டி எடுங்கள்.

வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, தண்டவாளம் மூன்றும் ஈரத்தில் சவர்க்காரம். களனிவெளி ரயில் பாதை நாரஹேன்பிட்டி, நுகேகொடைப் பக்கம் வீதிகளைக் குறுக்கே கடக்கிறது. அங்கே முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, தண்டவாளத்துக்குச் செங்குத்தாக, பிரேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், முதல் ஓரிரு சுற்றுக்குத் தண்ணீரை வழிப்பதிலேயே அதன் வேலை போய்விடும். சந்திக்கு வெகு முன்பே மெல்லத் தொட்டு உலர்த்திக்கொள்ளுங்கள். ‘கிறீச்’ என்று மணல் அரைபடும் சத்தம் கேட்டால் பிரேக் கட்டையில் உலோகத் துகள் ஏறியிருக்கிறது. கிண்டி எடுக்காவிட்டால் ரிம்மைத் தின்றுவிடும்.

செயினைக் காப்பதுதான் முக்கியம், அதுவும் மரைன் டிரைவில் ஓட்டுகிறவர்களுக்கு. அங்கே மழை நீரோடு கடல் உப்பும் சேரும். ஈரமாக விட்டால் மறுநாள் காலையே செந்துரு பூத்திருக்கும். வந்ததும் நல்ல தண்ணீரை வாளியில் எடுத்து மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயால் பீய்ச்சினால் பெயரிங் உள்ளே தண்ணீர் போகும். பழைய பெனியன் துணியால் செயினைப் பிடித்தபடி பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள், துணியில் கறுப்பு வருவது குறையும் வரை. நன்றாகக் காய்ந்த பிறகு ஈர காலத்துக்கான செயின் எண்ணெய், ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி. பத்து நிமிடம் விட்டு, மேலே நிற்கும் எண்ணெயை முழுதாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்ய வேண்டியது உருளைக்குள். வெளியே நிற்பது மணலைத்தான் பிடிக்கும். டபிள்யூ.டி-40 தண்ணீரை விரட்டும், ஆனால் எண்ணெய்க்கு ஈடாகாது. அதை அடித்துவிட்டு அப்படியே விட்டால் செயின் ஒரு வாரத்தில் கீச்சிடும்.

தண்ணீர்

மழைக்காலத்தில் தாகம் தெரியாது, வியர்வை குறையாது. ஓடும் முன்னும் பின்னும் உடை இல்லாமல் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் போயிருக்கிறது. தம்பிலி (செவ்விளநீர்) நல்லது, ஆனால் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தால் ஒரு சிட்டிகை உப்புச் சேருங்கள், அல்லது ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு பக்கெற் ஜீவனி உப்புக் கரைசல் தூள். அரை லீற்றரில் கரைத்துக் குடிக்க வேண்டாம்.

மார்கழியிலிருந்து

டிசம்பர் நடுவிலிருந்து வாரத் தூரத்தைப் பத்து வீதம் அளவில் கூட்டுங்கள், நான்காம் வாரம் சற்றுக் குறையுங்கள். வானம் தெளிந்தாலும் இந்த மாதங்களில் வடகிழக்குக் காற்று உபகண்டத்தின் புகையைக் கொண்டுவரும். காற்றுத்தரச் சுட்டெண் 100ஐத் தாண்டினால் ஆஸ்துமாக்காரர் குறைத்துக்கொள்ள வேண்டும், 150ஐத் தாண்டினால் கடின ஓட்டம் யாருக்கும் வேண்டாம். கல்கிசைக் கடல் அமைதியாகி நீந்தத் தோதாகும். ஆனால் பெருமழைக்குப் பின் வெள்ளவத்தை, தெகிவளை வாய்க்கால்களின் அழுக்கு கடலில்தான் கலக்கிறது. மூன்று நாள் பொறுங்கள்.

நீண்ட ஓட்டத்துக்கு நுவரெலியா போகிறவர்கள், அது 1,868 மீற்றர் உயரம் என்பதை மனதில் வையுங்கள். கொழும்பு வேகம் அங்கே வராது. முதல் இரண்டு நாள் கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள். ஜனவரி விடியலில் ஒற்றை இலக்கக் குளிர் இருக்கும். மெல்லிய கையுறையும், காற்றைத் தடுக்கும் மேலாடையும் போட்டுப் புறப்பட்டு, உடல் சூடானதும் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். முடித்த கையோடு ஈர பெனியனை மாற்றுங்கள். நின்ற ஐந்தாவது நிமிடத்தில்தான் அங்கே குளிர் பிடிக்கும்.