ஹோட்டன் சமவெளி: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இலங்கையின் மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போக, நுவரெலியாவில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆறுதலாகக் கிளம்புவதுதான் முதல் தவறு. பூங்கா வாசல் காலை 6 மணிக்கே திறக்கும்; நகரிலிருந்து 32 கிலோமீட்டர் வளைவுப் பாதை, ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பெரும்பாலான நாட்களில் 9, 10 மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி, ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்தான மலை விளிம்பை மறைத்துவிடும். 800 மீட்டருக்கு மேற்பட்ட சரிவின் முன்னால் வெறும் வெள்ளையைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பாதை பிரியுமிடத்தில் உலக முடிவுப் பக்கம் முதலில் நடங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி பனியிலும் தெரியும், அது பிறகு. முழுச் சுற்றும் 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

ஒஹிய ரயில் நிலையத்தில் இறங்கினால் பூங்கா பக்கத்தில்தானே என்று நம்புவதும் தவறு. அங்கிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர், அதுவும் ஏற்றம். வாகனத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

உடுப்பு விஷயத்தில் ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. இடம் 2,100 மீட்டருக்கு மேலே. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும்.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். இதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்களுக்குக் காரணம் தெரியாது. உணவு மணம் ஒட்டிய உறையை இங்குள்ள மரை என்னும் பெரிய மான் அப்படியே விழுங்கும். அது இரைப்பையில் செரிக்காமல் சேர்ந்து, விலங்கு மெல்லச் சாகும். சாப்பாட்டை மூடியுள்ள டப்பாவில் கொண்டுபோங்கள். வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் மரைக்கு பிஸ்கட் நீட்டவும் கூடாது. ஆள் பயம் போனால் அது பைகளையே தேடி வரும்.

படத்துக்காகப் பாதையை விட்டுப் புல்லில் இறங்குவதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீரும் இந்த மேட்டில்தான். மரங்களின் பாசி மூடுபனியிலிருந்து ஈரத்தைப் பிடிக்க, பஞ்சுபோன்ற மண் அதை வாங்கி வைத்து ஓடைக்கு மெதுவாக விடுகிறது. மிதிபட்டு இறுகிய மண்ணில் நீர் இறங்காது. மேலாக ஓடி, நடந்த தடத்தையே பள்ளமாக அரித்துவிடும். ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய முட்செடியின் விதை சப்பாத்துச் சேற்றோடு பயணிக்கும், மண்ணில் பல ஆண்டுகள் முளைக்கக் காத்துக் கிடக்கும். வரும் முன்னும் திரும்பிய பின்னும் அடியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஓடையில் சவர்க்காரம் போடாதீர்கள். இங்கிருந்து இறங்கும் பெலிஹுல் ஓயா வளவையில் சேர்கிறது, கீழே அதைக் குளிக்கவும் வயலுக்கும் எடுக்கிறார்கள். காய்ந்த மாதங்களில் சிகரெட் துண்டு ஒன்றே புல்வெளியைக் கொளுத்தப் போதும். விளிம்புப் பாறை ஈரமாக இருந்தால் செல்ஃபிக்காக முன்னால் போகவே வேண்டாம்.